கான்பூருக்கு உத்தரவு கேட்ட பூ

என் மனைவி வேலுத்தாய்க்கு அண்ணனாகவும், எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் இருந்த முருகேசன் மச்சானுக்கு,

உங்கள் முதலாம் ஆண்டு நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்கிறோம், இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் மாமா என்று உங்கள் மகன் செந்தில் கேட்டான். 'பண்பின் சிகரம், பாசத்தின் இமயம்' என்று எழுதிப் பார்த்தேன். வாசித்தால் யாரோ வேற்று மனிதர் செத்துப்போன மாதிரி இருந்தது. அதனால் நேராக உங்களிடமே பேசிவிடுகிறேன். பக்கத்தில் நின்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். போடி பஜாரில் நாம் பேசியது என்றைக்கு நமக்குள் மட்டும் நின்றது?

முதலில் ஊர்ச் செய்தி. என் கடைக்கு எதிரே உங்கள் சாக்குக்கடையில், உங்கள் நாற்காலியில், இப்போது செந்தில் உட்காருகிறான். நீங்கள் திட்டித் திட்டி விற்ற சாக்கை அவன் கும்பிட்டுக் கும்பிட்டு விற்கிறான். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. "ஒங்கப்பாரு நாலு ஏச்சு ஏசித்தேன் சாக்குக் குடுப்பாக. நீ என்னப்பா இம்புட்டு மரியாதையாப் பேசுற, சாக்குல ஓட்ட கீட்ட இருக்கா?" என்று தேவதானப்பட்டிக்காரர் ஒருவர் சந்தேகப்பட்டதை நானே கேட்டேன்.

என் ஏலக்காய்க் கடையும் நன்றாகத்தான் ஓடுகிறது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கான்பூர் மிஸ்ராஜியை உங்களுக்குத் தெரியும். பதினைந்து வருடமாக என்னிடம் ஏலக்காய் வாங்கி, அங்குள்ள பாக்குக் கம்பெனிகளுக்கு விற்கிறவர். ஒரே ஒரு முறை போடிக்கு வந்து, பரோட்டாவின் தலையில் சால்னாவை ஊற்றுவதைப் பார்த்து மிரண்டு, மூன்று நாள் வாழைப்பழத்திலேயே உயிர் பிழைத்துப் போனாரே, அவர்தான். ஆனி மாதம் போன் செய்து, "குடும்பத்தோடு இங்கே வந்துவிடு தங்கராசு" என்றார். பஜாரில் கடை, மாடியில் வீடு, தெருமுனையில் பள்ளிக்கூடம், நடுவில் தரகர் இல்லாமல் நேர் வியாபாரம். அவருடைய ஹிந்தி பாதிதான் புரிந்தது. மீதியை என் ஆசை மொழிபெயர்த்துக்கொண்டது.

வியாபாரியாகப் பார்த்தால் அதில் ஒரு பழுதும் இல்லை. பதினெட்டு வயதில் அடுத்தவர் கடையில் ஏலக்காய்ச் சல்லடை ஆட்டியவன், கான்பூரில் சொந்தப் பெயர்ப்பலகை மாட்டுவதென்றால் சும்மாவா? அன்று சாயங்காலம் பஜாரில் இரண்டு பேரிடம் சொன்னேன். மறுநாள் பஜார் முழுக்கத் தெரிந்திருந்தது. ஒரு வாரம் கழித்துச் சின்னமனூர் போன இடத்தில், முன்பின் பார்க்காத ஒருவர், "கான்பூருக்குக் குடி போறது நீங்கதானா?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

வேலுத்தாய் மட்டும், "ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்ங்க" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததே கிடையாது. தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனால், எனக்குச் சரி என்று பட்டதை முதலில் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, அப்புறம்தான் பார்க்க ஆரம்பிப்பாள். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டாமா?

ஆவணியில் பஜார் வியாபாரிகள் எனக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். உத்தமபாளையம் காதர் பாய் தானே கூட நின்று ஆக்கிய பிரியாணி. எட்டுப் பொன்னாடை. 'ஏலக்காய் மணத்தை வடதிசைக்குக் கொண்டு செல்லும் வேந்தே' என்று ஒரு பிளக்ஸ். அதில் என் தலைக்குப் பின்னால் தாஜ்மகால். "அப்பா, அது ஆக்ரா" என்றாள் கவிதா. மூத்தவள், ஒன்பதாம் வகுப்பு, எல்லாம் தெரிந்தவள். "பக்கத்துலதேன ஆத்தா இருக்கு, விடு" என்று சமாளித்தேன்.

மச்சான், எட்டுப் பொன்னாடையும் போர்த்தி, அந்த பிளக்ஸுக்குக் கீழே வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு விஷயம் என் மண்டையில் ஏறியது.

எனக்கு ஹிந்தி தெரியும் என்று ஊரே நம்புகிறது. என் ஹிந்தி ஏலக்காயோடு முடிந்துவிடும். காய் பச்சையா, வெளுத்ததா, ஈரம் இருக்கிறதா, லாரி என்றைக்கு ஏறும், இதையெல்லாம் தூக்கத்தில்கூடச் சொல்வேன். பல் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. கான்பூரில் எனக்குப் பல் வலித்தால் டாக்டர் முன்னால் வாயைத் திறந்து, "சரக்கு கெட்டுப்போச்சு" என்றா சொல்வேன்? நாற்பத்தெட்டு வயதில் எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

அப்படியென்றால் போகவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு எப்படிச் சொல்வது? எனக்குப் பயம் என்று தெரிந்தால் இந்த பஜார் என்னை விட்டுவைக்குமா? அப்போதுதான் எனக்கு வீரபாண்டி கௌமாரியம்மன் ஞாபகம் வந்தாள்.

நம் இரண்டு வீட்டிலும் பெரிய காரியம் எதுவானாலும் அம்மனிடம் பூக்கட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் மடித்து, நாரால் கட்டி, சன்னதியில் வைக்க வேண்டும். சின்னப் பிள்ளை ஒன்று வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் செய். சிவப்பு வந்தால் செய்யாதே. அம்மனே போகாதே என்று சொல்லிவிட்டால் பஜாரில் எவன் வாய் திறப்பான்?

ஆனால் நான் வியாபாரி. இவ்வளவு பெரிய விஷயத்தை, விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட மனம் வரவில்லை. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை வைத்துக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் காரில் நான்கு பேரும் வீரபாண்டி போனோம். பூப்பொட்டலங்கள் இருந்த தட்டு வேலுத்தாயின் மடியில். காரை நிறுத்திவிட்டு நான் தேங்காயும் சூடமும் வாங்கிக்கொண்டு வந்தேன். தட்டைச் சன்னதியில் வைத்தோம். இளையவள் நிலாவை எடுக்கச் சொன்னோம். அவளுக்கு ஏழு வயது. ஒன்றை எடுத்தவள், இன்னொன்றையும் ஆசையாகப் பார்த்தாள்.

"அப்பா, ரெண்டையும் பிரிக்கட்டா?"

"வேண்டாம்!" என்று நானும் வேலுத்தாயும் ஒரே நேரத்தில் கத்தினோம். பூசாரி திரும்பிப் பார்த்தார். நான் கத்தியதற்குக் காரணம் இருந்தது. அவள் எதற்குக் கத்தினாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

நிலா நாரை அவிழ்த்தாள். உள்ளே மல்லிகை. வெள்ளை வெளேரென்று.

என் கையால் அரளி வைத்துக் கட்டிய பொட்டலம் மச்சான்! அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். "என்னா பக்தி பாரு" என்று பின்னால் ஒரு அம்மாள் மெச்சினார். வேலுத்தாய் மளமளவென்று மற்ற பொட்டலத்தையும் எடுத்து, "உத்தரவு கேட்ட பூவ வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது" என்று சொல்லி முல்லையாற்றில் விட்டுவிட்டு வந்தாள். அம்மன் என் திருட்டைக் கண்டுபிடித்து, சிவப்பை வெள்ளையாக்கி, என்னைக் கான்பூருக்கு நாடு கடத்துகிறாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் கிளம்புவதென்று முடிவாயிற்று. தேனியில், மூணாறு போகிறவர்களுக்கு விற்கும் கடையில் நான்கு ஸ்வெட்டர் வாங்கினோம். அந்த வெயிலில் அதைப் போட்டுப் பார்த்தபோதே நிலாவுக்கு வேர்க்குரு வந்துவிட்டது. கவிதா எனக்குத் தினமும் பத்து ஹிந்தி வார்த்தை சொல்லிக் கொடுத்தாள். காலையில் படித்ததை மத்தியானம் மறந்தேன். நிலா வகுப்பில் எல்லோரிடமும் பிரிவு சொல்லி, ஆளுக்கொரு பென்சில் நினைவுப்பரிசாக வசூல் செய்துவிட்டாள். வேலுத்தாய் அரிசி மூட்டையைக் கட்டினாள். "கான்பூர்லயும் அரிசி விப்பாக" என்றேன். "நம்ம அரிசி விப்பாகளா?" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் யார் முகத்திலும் சிரிப்பில்லை. ஒவ்வொருவரும் மற்றவர்களுக்காகச் சந்தோஷமாக இருந்தோம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், வீட்டுச் சாவியைக் கொடுக்க உங்கள் வீட்டுக்குப் போனோம். உங்கள் வீட்டம்மா பாண்டியம்மாள் அக்கா கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். வேலுத்தாய் தன் கறிவேப்பிலைச் செடியைக் கொல்லையில் நடப் போனாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அக்கா, நான் ஒரு பெரிய பாவம் பண்ணிட்டேன்."

"எவ அவ?" என்றார் அக்கா, மொச்சையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அய்யய்யோ, அது இல்லக்கா! அம்மனையே ஏமாத்தப் பாத்துட்டேன்."

இரண்டிலும் அரளி வைத்ததையும், அது மல்லிகையாக மாறியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மொச்சைத் தட்டு குலுங்கும்படி சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதனால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்றாலும் பொறுத்துக்கொண்டேன்.

"தம்பி, ஒங்க கல்யாணத்துக்கு பூ வச்சமே, ஞாபகம் இருக்கா? எங்க மாமனாரு, சல்லட ஆட்டுறவனுக்கா எம்மகளுன்னு குதிச்சாக. சரி, அம்மன் சொன்னா கட்டித் தாரேன்னாக. அன்னைக்கு ஒங்க மச்சான் எங்கிட்ட வந்து, 'ஏ பாண்டி, ரெண்டுலயும் மல்லிகையவே வையி. அம்மனுக்கு ஆயிரம் சோலி, இதுல போயி அவளச் சிரமப்படுத்தக் கூடாது'ன்னாக. இந்தக் கையாலதேன் மடிச்சுக் குடுத்தேன்."

மச்சான்! இருபத்திரண்டு வருடம்! அம்மன் பார்த்துக் கொடுத்த வாழ்வு என்று ஒவ்வொரு சித்திரைத் திருவிழாவுக்கும் நான் அக்கினிச்சட்டி எடுத்தேன். நீங்கள் பக்கத்தில் விசிறியோடு நடந்து வந்தீர்கள். 'நல்லா வேண்டிக்க மாப்ள' என்று வேறு சொல்வீர்கள். எப்படி மச்சான் சிரிப்பை அடக்கினீர்கள்? அம்மனுக்கு இவ்வளவு செய்த நான், உங்களுக்கு அதற்காக ஒரு காப்பிகூட வாங்கிக் கொடுத்ததில்லையே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, திடீரென்று நிமிர்ந்தார்.

"அது சரி, நீங்க வச்சது செவப்பு. அப்ப வெள்ள எங்கருந்து வந்துச்சு?"

கேட்ட வேகத்திலேயே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"இந்தக் கதைய ஆடி மாசம் ஒங்க வீட்டுக்காரிகிட்டச் சொல்லித் தொலச்சேன்" என்றவர் கொல்லைப் பக்கம் திரும்பி, "ஏடி வேலு! இங்கன வா!" என்றார்.

வேலுத்தாய் மண் ஒட்டிய கையோடு வந்து நின்றாள். அக்கா முகத்தையும் என் முகத்தையும் பார்த்தாள்.

"என்னத்தடி பண்ணுன கோயில்ல?"

"நாலு மல்லிகையக் கட்டி பையில வச்சுக் கொண்டுபோனேன் மதினி, ரெண்டு பொட்டலமா. இவுக தேங்கா வாங்கப் போனப்ப மாத்திட்டேன்."

"நான் கட்டுனத என்ன செஞ்ச?" என்றேன்.

"அதையுஞ் சேத்துத்தேன் ஆத்துல விட்டேன்."

"தொறந்து பாக்கலையா?"

"அதுல என்ன பாக்க? ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு."

"ரெண்டுமே செவப்புடி."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்ப ஒங்களுக்குப் போக இஷ்டமில்லையா?"

"இல்ல. ஒனக்கு?"

"எனக்கு எதுக்குங்க கான்பூரு? இந்தச் செடிக்கு மதினி ஒழுங்காத் தண்ணி ஊத்துவாகளான்னே எனக்கு நம்பிக்க இல்ல."

"அடியே, நான் இங்கனதேன் இருக்கேன்" என்றார் அக்கா.

"பெறகு எதுக்குடி வெள்ளையக் கட்டுன?" என்றேன்.

அவள் மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "அண்ணன் போனதுலருந்து நீங்க எதுத்த கடையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீக. சோறு எறங்கல. கான்பூருன்னு பேச ஆரம்பிச்சப்பறந்தேன் மறுசோறு கேட்டீக. இங்கன இருந்தா இந்த மனுசன் தேற மாட்டாரு, அங்கன போயாவது நல்லாயிருக்கட்டும்னு நெனச்சேன்."

கடை வைத்த நாளிலிருந்து எந்தச் சரக்கையும் திறந்து பார்க்காமல் நான் வாங்கியதில்லை. கூடவே இருக்கும் மனுஷியின் மனதில் என்ன இருக்கிறது என்று மூன்று மாதமாக ஒரு முறை திறந்து பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. அம்மன் பாவம், ஒன்றுமே சொல்லவில்லை. சொல்வதற்கு நாங்கள் இடம் கொடுத்தால்தானே?

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. நீங்கள் இருந்திருந்தால், மிஸ்ராஜி போன் செய்த அன்றே நான் தெருவைத் தாண்டி வந்து உங்களிடம் சொல்லியிருப்பேன். 'போடா கூறுகெட்டவனே, போய்க் கடையப் பாரு' என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நானும் இரண்டு நாள் கோபித்துக்கொண்டு, மூன்றாம் நாள் மறந்திருப்பேன். அந்த ஒரு வசவுக்காகத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனோ? எல்லோரும் கை குலுக்கினார்களே தவிர, ஒருவர்கூடத் திட்டவில்லை மச்சான்.

பிள்ளைகளிடம் சொன்னோம். "அப்ப நான் ஒங்களுக்கு ஹிந்தி சொல்லிக் குடுத்ததெல்லாம்?" என்று கவிதா சண்டைக்கு வந்தாள். "அவ சொல்லிக் குடுத்ததுல ஒண்ணு சொல்லுங்க பாப்போம்" என்றாள் அவள் அம்மா என்னைப் பார்த்து. எனக்கு வந்ததெல்லாம் பழைய ஏலக்காய் ஹிந்திதான். நிலாவின் கவலை வேறு. "பென்சிலத் திருப்பிக் குடுக்கணுமாப்பா?" என்றாள். கொடுக்கத்தான் வேண்டும் என்றேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில், "நாங்க போகல, எங்கப்பாவுக்கு பயம்" என்று உரக்கச் சொல்லி, ஒவ்வொரு பென்சிலாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு நான் மறைத்து என்ன ஆகப்போகிறது? எட்டுப் பொன்னாடையையும் மடித்து எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனேன். அம்மன் தடுத்துவிட்டாள் என்று சொல்லிவிடலாமா என்று கடைசி வரை நாக்கு அரித்தது. பழக்க தோஷம். ஆனால் சொல்லவில்லை. "போகலப்பா. பயமா இருக்கு" என்றேன்.

டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். காதர் பாய் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக இழுத்துப் போனார்.

"பயமா? இதச் சொல்றதுக்கா இம்புட்டு நாளு? நான் வயசுப் பிள்ளையில மலேசியாவுக்குப் போயி, எட்டே நாள்ல திரும்பி வந்தவன்யா. கேட்டவுககிட்டயெல்லாம் பேப்பர் சரியில்லன்னு அனுப்பிட்டான்னு சொல்லி வச்சிருக்கேன். எம் பொண்டாட்டிக்கே தெரியாது."

"நெசமாவா பாய்?"

"வெளிய சொன்னேன்னு வையி, ஆக்கிப் போட்ட பிரியாணிய இங்கனயே கக்க வைப்பேன்."

பெயரை மாற்றாமல் எழுதிவிட்டேன் என்று இப்போதுதான் கவனிக்கிறேன். போகட்டும், அவர் மனைவிக்கு நினைவு மலர் படிக்கும் பழக்கம் இல்லை. பொன்னாடைகளை யாரும் திரும்ப வாங்கவில்லை. ஒன்றை மட்டும் செந்தில், கல்லாப்பெட்டி மேஜைக்கு விரிப்பாகக் கேட்டான். கொடுத்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தவனை, "ஏலே, மாமன்கிட்ட என்னடா மரியாத?" என்று நாலு திட்டுத் திட்டினேன். யாராவது அவனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுக்க வேண்டுமல்லவா?

மிஸ்ராஜிதான் பாக்கி. புறப்படத் தாமதமாகும் என்று மட்டும் போனில் சொன்னேன், வரமாட்டேன் என்று போனில் சொல்ல மனம் வரவில்லை. நல்ல மனிதர், நமக்காகக் கடையைக் காலியாக வைத்திருந்தவர். நேரில் போய்ச் சொல்லிவிடு என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. போகிறேன் மச்சான். இதற்கு அம்மனிடம் பூக்கட்டிப் பார்க்கவில்லை. வேலுத்தாயை எதிரில் உட்கார வைத்து, வாய்விட்டுக் கேட்டேன். வர இஷ்டமா? பத்து நாள் என்றால் இஷ்டம் என்றாள். இனி எதையும் அப்படித்தான் கேட்பேன், அவள் வாயால் பதில் வரும்வரை விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அரையாண்டு லீவில் நான்கு பேரும் கிளம்புகிறோம். போகிற டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. திரும்பி வருகிற டிக்கெட்டை எடுத்துவிட்டேன்.

எதிர்க்கடையிலேயே இருக்கும்
உங்கள் மாப்பிள்ளை,
தங்கராசு